புழங்குநீரா, கணப்புநீரா?

ஜெர்மனியில் தண்ணீருக்கும் சாதி உண்டு என்பது லோத்தார் கிம்மலுக்கு அறுபத்து நான்காவது வயதில்தான் தெரியவந்தது. குளிக்க, பாத்திரம் கழுவ, கை நனைக்க வருவது புழங்குநீர். குழாய் வழியாக அறை அறையாகச் சுற்றி, குளிர்காலத்தில் சுவரோரம் சூடு தரும் ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்புவது கணப்புநீர். இரண்டும் ஒரே மேகத்துக்குப் பிறந்தவைதான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்த பிறகு ஒன்றின் வாசலை மற்றொன்று மிதிக்கக் கூடாது. மிதித்தால் தீட்டு யாருக்கு என்று முடிவு செய்ய மாவட்டத் தலைநகரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது.

லோத்தார், பாட் எல்ரிங்கன் ஊரின் வெந்நீர் நீச்சல்குளத்தில் முப்பத்து நான்கு வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், சட்டைப் பையில் பேனா. உடம்பு கழுவாமல் குளத்தில் இறங்க வந்தவனை, அவன் மேயரே ஆனாலும், திருப்பி அனுப்பியவர். மாலை ஆறு மணிக்கு அவர் விசில் ஊதினால் மூழ்கிக்கொண்டிருப்பவன்கூட எழுந்து கரையேறிவிடுவான் என்று ஊரில் சொல்வார்கள்.

அக்டோபரில் ஒரே வாரத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. நிலவறையில் முப்பது வருடமாக உறுமிக்கொண்டிருந்த எண்ணெய்க் கொதிகலன் ஒரு காலையில் இருமிவிட்டு நின்றுபோனது. அவர் மனைவி ரோஸ்விதாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றும் அறுவை நடந்தது. மருத்துவமனையிலிருந்து அவளை நடைப்பயிற்சிக்காக மலையடிவாரத்து இல்லம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். நவம்பர் இருபத்தெட்டு வரை அங்கேதான். தினமும் சாயங்காலம் போன் வரும்.

“வீடு சூடா இருக்கா?”

“ஏற்பாடு நடக்குது.”

“ஏற்பாட்டப் போத்திக்கிட்டா தூங்க முடியும்? இருபத்தெட்டாம் தேதி டாக்சில வந்து இறங்குவேன். நேரா போய் ரேடியேட்டர் மேல கைய வப்பேன். ஜில்லுன்னு இருந்துச்சு, அதே டாக்சில ஏறி குத்ரூன் வீட்டுக்குப் போயிடுவேன். வசந்தம் வந்தப்புறம்தான் திரும்புவேன்.”

குத்ரூன் அவளுடைய அக்கா. காசெல் நகரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டில் தரைக்கு அடியிலேயே சூடு ஓடுகிறது என்பதை லோத்தார் பதினோரு வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டுவருகிறார். ரோஸ்விதா சொன்னால் செய்வாள். அவள் இல்லாத ஒரு குளிர்காலத்தை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

வழி சொன்னவர் குழாய்க்காரர் ஹாயோ. இருவரும் பள்ளிக்கூட நாள் கூட்டாளிகள். குளிப்பதற்கென்று முந்நூறு லிட்டர் ஹீட் பம்ப் தொட்டி ஒன்றை நிலவறையில் நிறுத்தினார். ஃபிரிட்ஜ் தன் வயிற்றுச் சூட்டை முதுகுப்பக்கம் தள்ளுகிறதல்லவா, அதே வித்தைதான். காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். நிலவறை ஜன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, காற்று வர ஒன்று, போக ஒன்று என்று இரண்டு தடித்த குழாய்களை விட்டார்.

“முந்நூறு லிட்டர நீ ஒருத்தன் குளிச்சுத் தீப்பியா? நீ என்ன நீர்யானையா?” என்றார் ஹாயோ. “மிச்சச் சூட்ட மேல ஏத்திடறேன். கீழ்த்தளத்துல ரெண்டு ரூமுக்குத் தாராளமா தாங்கும். நீதான் சுவரெல்லாம் பஞ்சு அடைச்சு வச்சிருக்கியே.”

ரோஸ்விதாவால் இப்போதைக்கு மாடி ஏற முடியாது. கட்டிலைக் கீழே இறக்கியாகிவிட்டது. கூடமும் பக்கத்து அறையும் சூடானால் போதும். ஹாயோ தொட்டிக்குள் ஒரு சுருள் குழாயை வைத்து அதை ரேடியேட்டர்களோடு இணைத்தார். தொட்டித் தண்ணீர் தொட்டியில், சுருள் தண்ணீர் சுருளில். சூடு மட்டும் தாண்டும். நவம்பர் மூன்றாம் தேதி வெப்பமானி இருபத்தொன்று காட்டியது. லோத்தார் அதைப் படம் பிடித்து ரோஸ்விதாவுக்கு அனுப்பினார். “பார்க்கலாம்” என்று பதில் வந்தது. அவள் அகராதியில் அது பாராட்டு.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பழைய கொதிகலனை எடுத்தவர்கள் புதிய கணப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருந்தது.

“மூச்சு விடாத,” என்றார் ஹாயோ. “குளிக்கத் தொட்டி வச்சிருக்கேன்னு சொல்லிட்டு கம்முனு இரு. இந்தத் தெருவுலயே நாலு பேரு இப்படி வச்சிருக்கான். எவனாவது செத்தானா?”

“விதின்னு ஒண்ணு இருக்கே, ஹாயோ.”

“இருக்கட்டும்யா. அதுபாட்டுக்குப் போவுது. நீயா போயி அதுக்கு ஏன் கை குடுக்கற?”

லோத்தார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதற்கு இந்த நாட்டில் பதினோரு பக்கப் படிவம் உண்டு. ஏழாவது கேள்வி இது: தொட்டியில் உள்ளது (அ) புழங்குநீர் (ஆ) கணப்புநீர். ஒன்றை மட்டும் குறிக்கவும். லோத்தார் உண்மையானவர். இரண்டையும் குறித்தார்.

ஒரு வாரத்தில் மாவட்ட அலுவலகத்தின் கணப்பு மாற்றப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே நோட்செல் அம்மையார் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது. மேஜையில் ஒரு கள்ளிச்செடி, அதற்கும் ஒரு பதிவு எண் ஒட்டியிருந்தது.

“திரு. கிம்மல், ஏழாவது கேள்விக்கு ரெண்டு டிக் போட்டிருக்கீங்க.”

“ரெண்டுக்கும் உதவுது, மேடம்.”

“உதவுதான்னு நாங்க கேக்கல. என்ன தண்ணின்னு கேக்கறோம்.”

“தண்ணி தண்ணிதான், மேடம்.”

“எல்லாரும் இதத்தான் சொல்றாங்க,” என்று அம்மையார் வருத்தத்தோடு தலையாட்டினார். “பொதுமக்களுக்கு இந்த விஷயத்துல ஆழம் பத்தல. கேளுங்க. புழங்குநீர் ரேடியேட்டருக்குப் போனா அது கணப்புநீர். கணப்புநீர்ல யாரும் குளிக்கக் கூடாது. குளிச்சா அது புழங்குநீர். புழங்குநீர் ரேடியேட்டர்ல இருக்கக் கூடாது. இது எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. இத எழுதி முடிக்க எங்களுக்கு ஆறு வருஷம் ஆச்சு.”

“ரெண்டும் கலக்கல, மேடம். நடுவுல சுருள் இருக்கு. சூடு மட்டும்தான் போவுது.”

“அதுதான் பிரச்சினையே. ஒரு பிரிவுலேருந்து இன்னொரு பிரிவுக்கு, ஒரு கையெழுத்தும் இல்லாம, சூடு அதுபாட்டுக்குப் போவுது. எங்க ஆபீஸ்ல ஒரு பென்சில் பக்கத்து ரூமுக்குப் போகணும்னாகூட மூணு கையெழுத்து.”

“என் சம்சாரம் இருபத்தெட்டாம் தேதி வர்றா, மேடம். புது இடுப்பு. வீடு சூடா இல்லன்னா...”

“நானும் பாட் எல்ரிங்கன்தான், திரு. கிம்மல். எட்டு வயசுல ஒரு நாள் உங்க குளத்துக்கு வந்தேன். ஒடம்பு கழுவலன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. பாதி நனைஞ்சிருந்தேன், வெளில பனி. ‘விதின்னா விதிதான் பாப்பா’ன்னு சொன்னீங்க.” அம்மையாரின் முகத்தில் கோபம் இல்லை, பக்தி இருந்தது. “அன்னிக்குத்தான் அரசாங்க வேலைக்கு வரணும்னு முடிவு பண்ணினேன்.”

லோத்தார் வாயைத் திறந்தார். சுவர்க் கடிகாரம் நான்கு அடித்தது. அம்மையார் பாதி எழுதிய சொல்லிலேயே பேனாவை மூடினார்.

“அலுவல் நேரம் முடிஞ்சது. நாளைக்குக் காலைல ஒன்பது மணி.”

மறுநாள் அலுவலக ஆள் ஒருவர் வந்து, ரேடியேட்டருக்குப் போகும் குழாயின் திருகை மூடிச் சீல் வைத்தார். நீரின் தன்மை முடிவாகும்வரை கணப்பு கூடாது. குளிக்கத் தடை இல்லை. வீடு இரண்டே நாளில் பதின்மூன்று டிகிரிக்கு இறங்கியது. நிலவறையில் முந்நூறு லிட்டர் வெந்நீர் சும்மா கிடந்தது. லோத்தார் குளியல் தொட்டிக்குக் குடிபோனார். காலைச் செய்தித்தாளும், மதிய ரொட்டியும், ஈரல் தொத்திறைச்சியும் தொட்டியில்தான். கைவிரலெல்லாம் உலர்ந்த திராட்சையாகச் சுருங்கிவிட்டன.

“எங்கேருந்து பேசற? கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி கேக்குது,” என்றாள் ரோஸ்விதா.

“குளிச்சுக்கிட்டிருக்கேன்.”

“நேத்து பேசறப்பவும் குளிச்சே.”

“சட்டப்படி சூடா இருக்கற ஒரே இடம் இதுதான்.”

“குத்ரூனுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கறேன்,” என்றாள்.

அடுத்து வந்தவர் மாவட்டப் புகைபோக்கி துடைப்பாளர். ஒருவேளை அது கணப்புநீர் என்று முடிவானால், கணப்பு என்றால் புகைபோக்கி, புகைபோக்கி என்றால் அவருடைய சான்று. கறுப்பு உடுப்பும் நெட்டைத் தொப்பியுமாக வந்து தொட்டியை மூன்று முறை சுற்றினார். விளக்கு அடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“புகை இல்ல,” என்றார்.

“மின்சாரம்தானே, புகை எங்கேருந்து வரும்?”

“புகை இல்லங்கறத நான் எழுதணும்னா, புகை வர்ற இடத்த நான் பாக்கணும். அது இல்லாதப்ப எத வச்சு எழுதறது?” அவர் உண்மையிலேயே கவலைப்பட்டார். “ஒண்ணு பண்ணலாம். சின்னதா ஒரு புகைபோக்கி கட்டிடுங்க. பயன்பாட்டுல இல்லன்னு நான் சான்று தர்றேன். வருஷம் ரெண்டு தடவ வந்து, இன்னும் பயன்பாட்டுல இல்லையான்னு பாத்துட்டுப் போறேன்.”

புகைபோக்கிக்காரர் சட்டைப் பித்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று அந்த ஊரில் நம்பிக்கை. லோத்தார் தொட்டார். கையில் கரிதான் ஒட்டியது.

பதினெட்டாம் தேதி நோட்செல் அம்மையாரே நேரில் வந்தார். நிலவறை ஜன்னல் வெளிச்சத்துக்காகப் பதிவான ஜன்னல். அதில் காற்று போவது பயன்பாட்டு மாற்றம். அதனால் இரண்டு குழாய்களையும் வெளியிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு சோதனைக்காக மூன்று மணி நேரம் சீலைத் தளர்த்தினார். தொட்டி, வீட்டுக்குள் இருந்த சூட்டை உறிஞ்சி, அதே சூட்டை ரேடியேட்டர் வழியாக வீட்டுக்குள் விட்டது. தொடங்கும்போது பதின்மூன்று டிகிரி. முடிந்தபோது பதின்மூன்றரை. அந்த அரை டிகிரியும் மின்சாரத்தின் தயவு.

“அருமை,” என்றார் அம்மையார். அவர் கண்கள் ஈரமாகிவிட்டன. “எடுத்தத அப்படியே திருப்பிக் குடுத்திருக்கு. யாருக்கும் கூடல, யாருக்கும் குறையல. திரு. கிம்மல், எங்க துறை இருபது வருஷமா இந்த நிலைக்குத்தான் பாடுபடுது.”

“குளிருது, மேடம்.”

“அது தனி மனு.”

இருபத்திரண்டாம் தேதி மாவட்ட அலுவலகத்தில் ஐந்து பேர் கொண்ட குழு கூடியது. லோத்தாரை ஒரு ஓர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இரண்டு மணி நேரம் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் நோட்செல் அம்மையார் எழுந்து தீர்வைச் சொன்னார். தொட்டி குளியலுக்காக வாங்கப்பட்டது, ஆகவே அதிலிருந்து வருவதெல்லாம் புழங்குநீர். புழங்குநீர் வெந்நீராக ஓடும் அறை குளியலறை. அது கூடத்திலும் பக்கத்து அறையிலும் ஓடுகிறது. ஆகவே அவை குளியலறைகள். தண்ணீரை மாற்ற முடியாது, வீட்டை மாற்றலாம். ஐந்து தலைகளும் ஆடின.

லோத்தாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் குளியலறைக்குக் காற்றோட்டம் கட்டாயம் என்பதால், ஜன்னல் குழாய்கள் மறுபடியும் வெளியே போயே ஆக வேண்டும் என்றார்கள். சீலும் அகன்றது. நாற்பத்தொரு சதுர மீட்டர் குளியலறைக்குச் சொந்தக்காரர் என்று அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். இருபத்து நான்காம் தேதி வெப்பமானி மறுபடி இருபத்தொன்று காட்டியது. அவர் குளியல் தொட்டியைவிட்டு எழுந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் முதல்முறையாகச் சோபாவில் உட்கார்ந்தார்.

இருபத்தாறாம் தேதி அடுத்த கடிதம் வந்தது. நாற்பது சதுர மீட்டருக்கு மேற்பட்ட வெந்நீர்க் குளியலறை, குளியல் நிலையம் என்ற வகுப்பில் வருகிறது. அதற்குத் தகுதி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும். விதிப்பலகை வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் உள்ளே ஒருவரும் இருக்கக் கூடாது, உறங்கக் கூடாது. மேற்பார்வையாளர் சான்று லோத்தாரிடமே இருந்தது. பெட்டியிலிருந்து விசிலை எடுத்துத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

இருபத்தெட்டாம் தேதி நான்கு மணிக்கு டாக்சி வந்தது. இரண்டு ஊன்றுகோல்களோடு ரோஸ்விதா உள்ளே வந்தாள். டாக்சிக்காரரை நிற்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். நேராக ரேடியேட்டரிடம் போய்க் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு ஜன்னல் வழியாக டாக்சியைப் போகச் சொல்லிக் கையசைத்தாள்.

“அது என்ன?” என்று சுவரைக் காட்டினாள்.

பலகையை அவள் சத்தமாகவே வாசித்தாள். உள்ளே வருமுன் உடம்பு கழுவவும். ஓடக் கூடாது. ஓரத்திலிருந்து குதிக்கக் கூடாது. மாலை ஆறு மணிக்கு மூடப்படும். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் அவரையும் விசிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இடுப்ப மாத்தினாங்கன்னு நான்தான் படுத்திருந்தேன். உனக்கு எத மாத்தினாங்க?”

ஐந்தே முக்காலுக்கு நோட்செல் அம்மையார் முதல்நாள் ஆய்வுக்கு வந்தார். அறை சூடாக இருந்ததால் கோட்டைக் கழற்றி மாட்டினார். எழுது அட்டையை எடுத்துக்கொண்டார். சோபாவில் இருந்த ரோஸ்விதாவிடம் வந்தார்.

“நீச்சல் தெரியுமா, தெரியாதா?”

“சோபால உக்காந்திருக்கேன்ம்மா.”

“ஆழமில்லாத பகுதி,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “ஆறு மணிக்கு வெளியேறணும். மாடில தங்கலாம், அது வீடு.”

“மாடி ஏற முடியாது. ஏறினாலும் மேல ஐஸ் கட்டியிருக்கு.”

“அது வீட்டுப் பிரிவு. இன்னிலேருந்து நான் குளியல் பிரிவு.”

ரோஸ்விதா தன் போனை எடுத்தாள். குத்ரூன் பெயரில் விரலை வைத்தபடி கணவனைப் பார்த்தாள். லோத்தார் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்து நான்கு வருடப் பழக்கம், கை தானாகக் கழுத்துக்குப் போனது. கடிகாரம் ஆறு அடித்தது. அவர் விசிலை ஊதினார்.

நோட்செல் அம்மையாரின் பேனா நின்றது. எட்டு வயதில் கற்ற பாடம் உடம்பை விட்டுப் போகாது. அவர் விருட்டென்று திரும்பினார். எழுது அட்டையை அப்படியே வைத்துவிட்டு, ஓடாமல், வேகமாக நடந்து, கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். லோத்தார் கதவைப் பூட்டினார். அரை நிமிடத்தில் கண்ணாடி தட்டப்பட்டது.

“என் கோட்டு உள்ள இருக்கு.”

“அலுவல் நேரம் முடிஞ்சது, மேடம். நாளைக்குக் காலைல ஒன்பது மணி.”

சொன்னதும் வாயெல்லாம் இனித்தது. அப்படியொரு இனிப்பை அவர் கடைசியாக அனுபவித்தது குளத்தின் வாசலில், பாதி நனைந்த ஒரு சிறுமியைத் திருப்பி அனுப்பியபோது. வெளியே மைனஸ் நான்கு டிகிரி. அம்மையார் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

“கதவத் திற, லோத்தார்,” என்றாள் ரோஸ்விதா.

“விதின்னா...”

“அந்த வார்த்தைய முடிச்சேன்னா நான் காசெல்லுக்குக் கிளம்பறேன். சூடு இல்லன்னு இல்ல. உன்னோட இருக்க முடியலன்னு.”

அவர் திறந்தார். வெட்கமாக இருந்தது. நோட்செல் அம்மையார் உள்ளே வந்து, கோட்டைக்கூடத் தேடாமல் நேராக ரேடியேட்டரிடம் போய் இரண்டு கைகளையும் அதன்மேல் அழுத்திக்கொண்டார். பற்கள் தந்தியடித்த சத்தம் மெதுவாக அடங்கியது.

“உள்ள ஓடறது என்ன தண்ணி, மேடம்?” என்று ரோஸ்விதா கேட்டாள். “புழங்குநீரா, கணப்புநீரா?”

அம்மையார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“சுடுதண்ணி,” என்றார்.

பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, எழுது அட்டையை எடுத்துக்கொண்டு போனார். லோத்தார் அன்று சோபாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. நவம்பர் இருபத்தெட்டு அன்று, மூடும் நேரத்துக்குப் பிறகு, குளியல் நிலையத்தில் ஒரு நபர் அனுமதிக்கப்பட்டிருக்கிறார். அந்த நபர் உடம்பு கழுவவில்லை. மேற்பார்வையாளர் தடுக்கவில்லை. மேலும் அந்த நபர் நீரை எந்தப் பிரிவிலும் இல்லாத ஒரு பெயரால் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே நிலையத்தின் அனுமதி ரத்தாகிறது. டிசம்பர் ஒன்பதாம் தேதி மறுபடி சீல் வைக்கப்படும். புகார் செய்தவர் நோட்செல். விசாரித்தவர் நோட்செல். குற்றத்துக்குக் காரணமான நபர் என்ற கட்டத்திலும் அதே பெயர், அதே அழகான கையெழுத்தில்.

லோத்தார் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடியும் அந்தத் திருகை மூடுவார்கள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ரோஸ்விதா கடிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தாள்.

“ஒன்பதாம் தேதியா? எட்டாம் தேதி ஹாயோவ வரச்சொல்லு. சீல் வைக்க அவங்களுக்குன்னு தனியா ஒரு திருகு வச்சுக் குடுக்கட்டும். எதோடயும் சேராத திருகு. அழகா, கைக்கு எட்டற உசரத்துல. தண்ணி பின்னால அதுபாட்டுக்கு ஓடட்டும்.”

லோத்தார் வெகுநேரம் யோசித்தார். முகம் தெளிந்தது.

“நல்ல யோசனைதான்,” என்றார். “ஆனா புதுசா ஒரு திருகு வச்சா, அதையும் பதிவு பண்ண ஒரு படிவம்...”

கை சட்டைப் பைக்குப் போனது. பேனா அங்கே இல்லை. ரோஸ்விதா தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ரேடியேட்டர் மேல் வைத்துக்கொண்டாள்.